செவியியல் நிபுணரும் சர்க்காரின் கடமையும்

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்னும் பழமொழியை நம் நாட்டில் அறியாதார் இல்லை. மேடையில் பேசுவோரும், பத்திரிகையில் எழுதுவோரும், சட்டசபையில் மறுமொழி கிடைக்காத அங்கத்தினரும் இதை எடுத்தாளாத நாள் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் இப்பழமொழியில் நம் ஜனங்களின் இரக்கமெல்லாம் சங்கு ஊதியவன் பக்கமே நிற்பதைக் கவனித்தவர் சிலரே. ஊதினவன் மூச்சு வீணாயிற்றே என்பதுதான் வருத்தம். அந்தச் செவிடனுக்கு எவ்வளவு கேட்கிறது, எந்தக் காதில் கேட்கிறது, சங்கின் கனத்த நாதம் கேளாதவனுக்குத் தாளத்தின் கூரிய ஒலியாவது எட்டுமா, இந்தக் குறை பிறப்பில் வந்ததா, நோயில் வந்ததா என்று விசாரிப்பார் ஒருவரும் இல்லை.

இவற்றை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பகுதியின் ஒரு கோடியில், பெரும்பாலும் ஜன்னலில்லாத ஓர் அறையில், இருந்து வருகிறார். ஆடியாலஜிஸ்டு என்று இங்கிலீஷில் சொல்லப்படும் செவியியல் நிபுணர் இவரே. இவர் ரண சிகிச்சை செய்பவர் அல்லர். மருந்து எழுதிக் கொடுப்பவரும் அல்லர். ஆகவே வெளியே காத்திருக்கும் ஜனங்கள் இவரை 'மிஷின் பார்ப்பவர்' என்கிறார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகிகளிலும் சிலர் அதற்கு மேல் நினைப்பதில்லை என்பதே நாம் இன்று எடுத்துப் பேச வேண்டிய விஷயம்.

இத்தொழில் யுத்தத்தில் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பீரங்கி முழக்கத்தால் செவி கெட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பென்ஸில்வேனியாவிலிருந்த டெஷான் ராணுவ ஆஸ்பத்திரியில் பரீட்சையும் பயிற்சியும் அளித்தவர் ரேமண்ட் கார்ஹார்ட் என்பவர். அவர் வைத்தியர் அல்லர்; பேச்சுக்கலை ஆசிரியர். எவனுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதைக் கடைக்காரன் சொல்லாமல் அளவு சொல்ல வேண்டும் என்ற கொள்கை அங்கேதான் உறுதிப்பட்டது. நம் தேசத்தில் 1965-ஆம் வருஷம் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவி ஸ்தாபனம் ஏற்பட்ட பிறகே இவ்வித்தைக்கு ஓர் இல்லம் கிடைத்தது. பின்னர் 1983-இல் பம்பாயில் அலி யாவர் ஜங் பெயரால் ஒரு தேசிய ஸ்தாபனம் எழுந்தது. 1992-ஆம் வருஷத்துப் புனர்வாழ்வுக் கவுன்சில் சட்டம், பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே இத்தொழிலை நடத்தலாமென்று விதித்தது. சட்டம் ஏட்டில் சௌக்கியமாக இருக்கிறது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கும் இடத்திலேயே காதுக் கருவியும் அளவின்றி விற்கப்படுவதையும் நேயர்கள் பார்த்திருப்பார்கள்.

எத்தனை பேருக்கு இந்தக் குறை இருக்கிறது? 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் செவிக்குறையுள்ளோர் சுமார் 50 லட்சம். செவிட்டுத்தன்மை தடுப்புக்கென்று மத்திய சர்க்காரே நடத்தும் தேசியத் திட்டத்தின் பத்திரங்களோ 6 கோடியே 30 லட்சம் என்கின்றன. ஒரே சர்க்காரின் இரண்டு கணக்குகளுக்கும் இடையே பன்னிரண்டு மடங்கு பேதம்! இதில் எவரும் பொய் சொல்லவில்லை. முதற் கணக்கு வீட்டு வாசலில் நின்று, 'இங்கே செவிடர் உண்டா?' என்று கேட்டுக் குறித்தது. இரண்டாவது, அளந்து பார்த்தால் எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பு. கண்ணில்லாதவனையும் காலில்லாதவனையும் தெருவே அறியும். காது கேளாதவன் தலையை ஆட்டிப் புன்னகை செய்து நாளைக் கழித்துவிடுகிறான். வகுப்பில் பின்பெஞ்சிலிருக்கும் பையனுக்கு 'மக்கு' என்ற பட்டம் கிடைக்கிறது. மாமியாரின் அழைப்புக்கு மறுமொழி சொல்லாத மருமகளுக்குத் 'திமிர்' என்ற பட்டம் கிடைக்கிறது. இந்தப் பட்டங்களை ரத்துச் செய்யும் அதிகாரம் செவியியல் நிபுணரின் அறையில் இருக்கிறது.

அந்த அறையில் நடப்பதைச் சற்று விவரமாகச் சொல்லுவோம். வெளிச் சப்தம் புகாதபடி சுவரெல்லாம் மெத்தை வேய்ந்த ஒரு சிறு கூண்டு. உள்ளே நோயாளி; கண்ணாடிக்கு வெளியே நிபுணர். நோயாளியின் காதுகளில் ஒலிக்குமிழ்களைப் பொருத்தி, வினாடிக்கு 250 அதிர்வுள்ள கனத்த சுருதி முதல் 8000 அதிர்வுள்ள கூரிய சுருதி வரையில் ஒவ்வொன்றையும் மெல்ல மெல்லக் குறைத்து அனுப்புகிறார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்கும் ஒலிகளில் மிகச் சிறியது எதுவோ அதை வரைபடத்தில் குறிக்கிறார். அளவுக்குப் பெயர் டெஸிபெல். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் பெயரைத் தாங்கியது. அவருடைய தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள். இந்த அளவு கடைத் தராசு போன்றதன்று. ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. ஆகவே நாம் சாதாரணமாகப் பேசும் அறுபது டெஸிபெல் என்பது, நல்ல காது உணரும் கடைசித் துளி ஒலியைப்போல் பத்து லட்சம் மடங்கு. அறுபது டெஸிபெல் நஷ்டமென்று ஒருவரின் சீட்டில் எழுதியிருந்தால், நம் பேச்சு முழுவதும் அவருக்குக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள்.

அடுத்தபடி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அதிரும் ஒரு வில்லையை வைத்து மீண்டும் அதே பரீட்சை. காற்று வழியில் கேளாதது எலும்பு வழியில் கேட்டால் குறை நடுச்செவியில் இருக்கிறது. சீழோ, ஓட்டையோ, சிற்றெலும்பின் பிடிப்போ காரணமாகலாம். ரண வைத்தியர் பெரும்பாலும் சீர்ப்படுத்துவார். இரண்டு வழியிலும் கேளாவிட்டால் குறை உட்செவியில் அல்லது நரம்பில். அங்கே கத்திக்கு வேலை குறைவு. இந்த இரண்டைப் பிரித்தறிவதிலேதான் அனுபவசாலிக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்படும். ஏனெனில், மண்டையோடு ஒன்றே. வலக்காதின் பின்னால் வைத்த அதிர்வு தேய்வின்றி இடக்காதையும் எட்டிவிடும். செத்துப்போன வலக்காதைப் பரீட்சிக்கும்போது உயிருள்ள இடக்காது குறுக்கே புகுந்து மறுமொழி சொல்லும். நோயாளியோ கையைத் தூக்குவான். இதைத் தடுக்க நல்ல காதில் ஓர் இரைச்சலை ஓடவிட்டு அதை மறைக்க வேண்டும். இரைச்சல் குறைந்தால் மறையாது. மிகுந்தால் அதுவே எலும்பு வழியாகத் தாண்டி மறு காதையும் கெடுக்கும். எவ்வளவு என்பதை யந்திரம் சொல்லாது. எதிரே இருப்பவனுக்கு ஏற்பக் கணக்கிட்டாக வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யாத சீட்டை நம்பி, பயன்படாத காதில் ரண சிகிச்சை நடந்துவிடலாம். ஆகையால் இளைய நிபுணர் எடுத்த படத்தை மூத்தவர் மறுபடி பார்க்கிறார்; சந்தேகமானால் தாமே உட்கார்ந்து எடுக்கிறார்.

மூத்த நிபுணரிடம் வந்து சேரும் மற்றொரு சங்கடம் சர்ட்டிபிகேட்டு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுக்குரிய சுருதிகளில் இரு காதிலும் 70 டெஸிபெல் நஷ்டமுள்ளவர் செவிடர். 60 முதல் 70 வரை நஷ்டமுள்ளவர் செவி மந்தமானவர். நூற்றுக்கு நாற்பது பங்கு ஊனம் என்று எழுதப்பட்டால் சர்க்கார் உத்தியோகத்தில் ஒதுக்கீடு முதலிய உரிமைகள் உண்டு. உரிமை இருக்குமிடத்தில் போலியும் வந்து நிற்கும். நன்றாய்க் கேட்கும் காதுடன் வந்து கூண்டுக்குள் கல்லைப்போல் உட்கார்ந்திருப்போரும் உண்டு. ஒரு காது செவிடென்று சாதிப்பவனைப் பிடிக்கும் முறை ரசமானது. ஒரே சுருதியை இரு காதிலும் ஒரே சமயத்தில் ஒலித்தால், எந்தப் பக்கம் உரக்கக் கேட்கிறதோ அந்தப் பக்கம் மட்டுமே ஒலிப்பதாக மனிதனுக்குத் தோன்றும்; இது இயற்கை. நல்ல காதில் அவனுக்கு நிச்சயமாகக் கேட்கும் அளவிலும், 'செவிட்டு'க் காதில் அதைவிட உரக்கவும் ஒலித்தால், உண்மையான செவிடன் நல்ல காதில் கேட்டுக் கையைத் தூக்குவான். வேஷக்காரனுக்கோ 'செவிட்டு'க் காதில் மட்டுமே கேட்கும். கேட்டதாக ஒப்புக்கொள்ளக் கூடாதென்று சும்மா இருப்பான். அந்த மௌனமே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். இரு காதும் செவிடென்று சொல்பவனுக்கு, அவன் சம்மதமே வேண்டாத மூளை நரம்புப் பரீட்சை இருக்கிறது. அதைக் கீழே சொல்லுவோம். சிபார்சுக் கடிதங்களும் டெலிபோன் குரல்களும் இந்த அறைக்கும் வருமென்று சொல்ல வேண்டுவதில்லை. போலிக்குப் போடும் ஒரு கையெழுத்து, மெய்யாகவே கேளாத ஓர் ஏழையின் உத்தியோகத்தைப் பறிப்பதாகும். அதே மூச்சில் மற்றொன்றும் சொல்ல வேண்டும்: போலியைப் பிடிக்கும் உற்சாகத்தில் மெய்யானவனைப் பலமுறை அலைக்கழிப்பதும் அநீதியே.

எனினும், இவையெல்லாம் வளர்ந்தவர் விஷயம். தேசத்துக்கு மெய்யான நஷ்டம் தொட்டிலில் உண்டாகிறது. பிறவியிலேயே செவி கேளாத குழந்தையைச் 'செவிட்டூமை' என்று இரட்டைப் பெயரால் அழைப்பது நம் வழக்கம். அந்தக் குழந்தையின் நாவிலும் தொண்டையிலும் பெரும்பாலும் யாதொரு குற்றமும் இல்லை. கேளாததைப் பேச எவராலும் ஆகாது, அவ்வளவே. பாஷை குழந்தையின் மூளையில் வேரூன்றும் காலம் மிகக் குறுகியது. முதல் மூன்று வருஷங்களுக்குள், அதிலும் முதல் வருஷத்திலேயே, ஒலி எட்டாவிட்டால் அதற்கென இயற்கை ஒதுக்கிய இடத்தை மூளை வேறு காரியங்களுக்கு எடுத்துக் கொள்ளத் தொடங்குகிறது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்துக் குழந்தைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியான ஒரு முடிவு, ஆறு மாதத்துக்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டுத் துணை பெற்ற குழந்தைகள் பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடப் பாஷையில் வெகுவாக முந்தியிருப்பதைக் காட்டியது. அதிலிருந்து ஒரு விதி வழங்குகிறது: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் தீர்மானம், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்.

கையைத் தூக்கத் தெரியாத சிசுவைச் சோதிப்பது எப்படி? லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் 1978-இல் ஓர் அதிசயத்தை வெளியிட்டார். காது ஒலியை வாங்குவது மட்டுமன்று. தானும் மெல்லிய ஒலியைத் திருப்பி வெளியிடுகிறது. உட்செவியிலுள்ள புற மயிரணுக்கள் உயிரோடிருந்தால் அந்த எதிரொலி எழும், இறந்திருந்தால் எழாது. சிசு உறங்கும்போது காதில் ஒரு சிறு குழலை வைத்தால் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். இதற்கு மேற்பட்டது மூளைத்தண்டுப் பரீட்சை. நம் ஆஸ்பத்திரிகளில் 'பெரா' என்றால் கடைநிலை ஊழியருக்கும் தெரியும். நெற்றியிலும் காதுக்குப் பின்னும் வில்லைகளை ஒட்டி, காதில் ஆயிரக்கணக்கான 'டிக்' ஒலிகளை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பின் வினாடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் நரம்பில் எழும் மின்னலைகளைக் கூட்டிப் பார்ப்பது. 1971-இல் ஜூவெட், வில்லிஸ்டன் என்ற இருவர் இவ்வலைகளை விவரித்து எண்ணிட்டனர். ஐந்தாம் அலை எந்த அளவு ஒலி வரை தெரிகிறதோ அதைக் கொண்டு குழந்தையின் செவியை மதிப்பிடலாம். குழந்தை அயர்ந்து தூங்க வேண்டுமாகையால், முன்னிரவு முழுவதும் அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, விடியற்காலை பஸ் ஏறி, தூக்க மருந்து கொடுத்து மடியில் ஆட்டிக் கொண்டிருக்கும் தாய்மார் வரிசையை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்திலும் காணலாம்.

இரண்டு பரீட்சை எதற்கு, ஒன்று போதாதா என்று செலவுக் கணக்குப் பார்ப்போர் கேட்பதுண்டு. போதாது. பிறந்தவுடன் கடுமையான காமாலை கண்ட சிசுவுக்கும், குறைமாதத்தில் பிறந்து பல நாள் தீவிர சிகிச்சையிலிருந்த சிசுவுக்கும், மயிரணுக்கள் நலமாயிருந்து நரம்பு வழி மட்டும் கெட்டிருக்கலாம். முதற் கருவி 'தேறியது' என்று காட்டும்; தாய் நிம்மதியுடன் வீடு திரும்புவாள்; குழந்தை கேளாமலே வளரும். மூளைத்தண்டுப் பரீட்சையே அதைக் கண்டுபிடிக்கும். எந்த ஒரு சோதனையையும் தனியே நம்பாதே, மற்றொன்றால் சரிபார் என்று ஜெர்கர், ஹேஸ் என்னும் அமெரிக்க நிபுணர் இருவர் 1976-இல் எழுதியது இன்றளவும் இத்தொழிலின் முதற் கட்டளை.

தமிழ்நாட்டின் நிலையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி நம் மாகாணத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. பல மாகாணங்கள் பொறாமைப்படத்தக்க பெருமை இது. அப்படியானால், ஏறக்குறைய ஒவ்வொரு சிசுவும் பிறந்த சில நாள் நம் சர்க்காரின் அல்லது சட்டத்துக்குட்பட்ட தனியாரின் கூரையின் கீழ்ப் படுத்திருக்கிறது. சில நிமிஷச் சோதனைக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? ஆயினும் பேச்சு வரவில்லையென்று இரண்டு, மூன்று வயதில் தூக்கி வரப்படும் குழந்தைகள் ஓயவில்லை. சோதனை நடக்குமிடத்திலும் ஒரு பெருத்த ஓட்டை இருக்கிறது. பிறந்த முதல் நாளில் காதுத் துவாரத்தில் கசடும் நீரும் இருப்பதால் நல்ல செவியுள்ள சிசுவும் தேறாமற் போகலாம். மறுபடி கொண்டு வரச் சொல்கிறார்கள். வீட்டிலோ பாட்டி, 'இவன் மாமனும் நாலு வயதில்தான் பேசினான். கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறானே' என்கிறாள். கதவின் அதிர்வு தரை வழியே உடம்புக்குத் தெரியும் என்பதை அவள் அறியாள். சீட்டு சுவாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அச்சீட்டைத் தேடிப் போக ஓர் ஆள், ஒரு பதிவேடு, ஒரு டெலிபோன் அழைப்பு இவை இல்லாவிட்டால் கருவிக்குச் செலவிட்ட பணம் பாழ்.

இங்கே நம் சமூகத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். நிபுணர் தாயிடம் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, 'சொந்தத்தில் கலியாணமா?' என்பது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது நம் தென்னாட்டில் ஆழ வேரூன்றிய வழக்கம்; அதே 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விவாகங்கள் உறவுக்குள்ளேயே நடந்தவை. ஒரே குடும்பத்தில் மறைந்து கிடக்கும் ஒரு குற்றமுள்ள ஜீன், இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும்போது செவிட்டுக் குழந்தை பிறக்கிறது. கனெக்ஸின் 26 என்ற ஜீனின் பிழைகள் இதில் முக்கியமானவை என்று 1997-லிருந்து தெரிந்திருக்கிறது. சொத்துப் பிரியாமலிருக்க வேண்டுமென்று செய்த ஏற்பாட்டுக்குக் குழந்தையின் செவி விலையாவதை மேடைகளில் எடுத்துச் சொல்ல நம் தலைவர்கள் கூசுவதேனோ அறியோம். இதைச் சொல்லும் பொறுப்பும் அந்த ஜன்னலில்லாத அறைக்கே விடப்பட்டிருக்கிறது. அங்கும் அதைப் பழியாகச் சொல்லாமல், அடுத்த குழந்தையைக் குறித்த எச்சரிக்கையாகச் சொல்லுவதற்கு மூத்தவரின் பக்குவம் வேண்டும். ஏனெனில், வீட்டில் பழி முழுவதையும் சுமக்கப் போகிறவள் எதிரே அழுதுகொண்டிருக்கும் தாய்.

கருவி விஷயத்துக்கு வருவோம். ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் கருவி பலருக்குப் போதும். மயிரணுக்களே அழிந்துவிட்ட குழந்தைக்குப் பெருக்கியும் பயனில்லை. அதற்கென்று ஏற்பட்டது காக்ளியர் இம்பிளாண்டு என்னும் உட்செவிப் பதியம். 1957-இல் பாரிஸில் ஜூர்னோ, ஏரியேஸ் என்பவர்கள் செவி நரம்பில் மின்சாரம் பாய்ச்சி ஒலியுணர்ச்சியை எழுப்பியதில் தொடங்கி, லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ், 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் முதலியோர் கையில் வளர்ந்து இன்றைய உருப்பெற்றது. நம் சர்க்கார்கள் இதில் கஞ்சத்தனம் காட்டவில்லை என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். மத்திய சர்க்கார் 2014-இல் திருத்திய உதவிக் கருவித் திட்டத்தில், வருஷத்துக்கு ஐந்நூறு குழந்தைகளுக்கு, கருவி ஒன்றுக்கு ஆறு லட்சம் ரூபாய் வரையில் செலவிட ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை இலவசமாகவே நடந்து வருகிறது.

ஆனால் பத்திரிகைகளில் படம் வருவது ரண சிகிச்சை முடிந்த தினத்தோடு நின்றுவிடுகிறது. ரண வைத்தியரின் வேலை சில மணி நேரம். செவியியல் நிபுணரின் வேலை அதன் பிறகு வருஷக்கணக்கு. காயம் ஆறிச் சில வாரங்களுக்குப் பின் வெளிக்கருவியைப் பொருத்தி மின்சாரத்தை முதன்முறை திறக்கும் நாளில், 'அம்மா' என்று குழந்தை கூப்பிடுமென்று குடும்பமே வந்து காத்திருக்கிறது. குழந்தையோ வீறிட்டு அழுகிறது. பிறந்தது முதல் மௌனத்திலிருந்த ஜீவனுக்கு முதல் ஒலி இனிமையாகவா இருக்கும்? உட்செவியில் பதித்த கம்பியில், கருவியைப் பொறுத்துப் பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரையில் மின்முனைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரத்தில் ஒலி மட்டாகத் தெரியத் தொடங்குகிறது, எவ்வளவில் தாங்கக்கூடிய எல்லை வருகிறது என்று இரண்டு அளவுகளையும் கண்டு, ஒரு படமாக வகுத்துக் கருவியில் ஏற்ற வேண்டும். பேசத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிக் கேட்பது? பொம்மையைத் தட்டும் கை ஒரு கணம் நிற்கிறதா, விழி அசைகிறதா, உதடு பிதுங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நரம்பின் மறுமொழியைக் கருவியே பதிந்து தரும் வசதியும் உண்டு. அது வழிகாட்டுமேயன்றி முடிவு சொல்லாது. அளவு குறைந்தால் குழந்தைக்குப் பேச்சு எட்டாது. மிகுந்தால் கருவியைக் கண்டாலே பயந்து பிடுங்கி எறியும். முதல் வருஷத்தில் பலமுறையும், பிறகு காலக்கிரமத்திலும், இப்படத்தைத் திருத்திக் கொண்டே போக வேண்டும். லட்சக்கணக்கில் விலை கொடுத்த யந்திரம் உயிர் பெறுவதும் பெட்டியில் தூங்குவதும் இந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

இதில் நம் பாஷையின் உரிமை ஒன்றும் அடங்கியிருக்கிறது. பேச்சைச் சொற்களால் அளக்கும் முறை இங்கிலீஷ்காரர் தம் சொற்களைக் கொண்டு வகுத்தது. 'பேஸ்பால்', 'ஹாட்டாக்' என்று சமமான அழுத்தமுள்ள ஈரசைச் சொற்களை ஒலிக்கச் செய்து, திருப்பிச் சொல்லச் சொல்லுவார்கள். உசிலம்பட்டிக் குடியானவரிடம் இவற்றை ஒலித்தால் அவர் சொல்லாமலிருப்பது செவியின் குற்றமா, பட்டியலின் குற்றமா? தமிழுக்கும் சொற்பட்டியல்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் பெரியோருக்குச் செய்தது குழந்தைக்குப் பொருந்தாது. பட்டணத்துப் பேச்சுக்குச் செய்தது நாஞ்சில் நாட்டுக்கும் கொங்கு நாட்டுக்கும் முற்றும் பொருந்தாது. தமிழில் கல்லும் காலும், பட்டும் பாட்டும் நீட்சியாலேயே வேறுபடுகின்றன. மலையும் மழையும் நுனிநாவின் சிறு வளைவால் வேறுபடுகின்றன. பதியம் வைத்த குழந்தைக்கு நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் பிரிந்து கேட்கின்றனவா என்பதை எந்த அந்நிய தேசத்துப் பட்டியலும் சொல்லாது. காதுக் கருவி எந்தச் சுருதியை எவ்வளவு பெருக்க வேண்டுமென்ற சூத்திரமே ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. அவற்றை வெறுக்கச் சொல்லவில்லை. அவை நல்ல ஆராய்ச்சியின் பயன். நம் செவிக்கு நம் சொல்லாலேயே சரிபார்த்துத் திருத்துவதற்கு ஆராய்ச்சிப் பணமும் ஓய்வும் நம் நிபுணர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறோம்.

கருவியே எல்லாம் என்ற மயக்கமும் கூடாது. காலம் கடந்து வந்த குழந்தையும் உண்டு. பதியம் பலிக்காத குழந்தையும் உண்டு. அவர்களுக்குக் கை மொழி ஒரு முழு மொழி. 1880-இல் மிலான் நகரத்துக் கல்வி மகாநாடு அதைப் பள்ளிகளிலிருந்து விலக்கும்படி தீர்மானித்ததால் பல தேசங்களில் இரண்டு மூன்று தலைமுறைச் செவிடர்கள் கல்வி குன்றினர். இந்தியக் கை மொழிக்கென 2015-இல் டில்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டிருப்பது நற்காரியம். 'இனிமேல் இந்தக் கருவி போதாது. கை மொழியைக் கற்றுக் கொடுங்கள்' என்று உரிய காலத்தில் பெற்றோரிடம் சொல்லும் நேர்மை செவியியல் நிபுணருக்கு வேண்டும். தம் வித்தையின் எல்லையைத் தாமே சொல்வது எளிதன்று.

இவற்றோடு, காசநோய்க்கும் தொற்றுக்கும் கொடுக்கும் சில ஊசிகள் செவியை அரிக்கின்றனவா என்று கூரிய சுருதிகளில் வாரந்தோறும் கவனிப்பதும் இவருடைய வேலை. கனாமைசின் ஊசியை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் வருஷத்து விதிகளில் கைவிடச் சொன்னதற்கு, அதைப் போட்டுக் கொண்டோர் இழந்த செவியும் ஒரு காரணம். ஆலைத் தறியோசையில் 4000 அதிர்வுப் பக்கம் மட்டும் பள்ளம் விழுந்த படங்களுடன் வரும் தொழிலாளிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இத்தனை பாரமும் யார் தலையில்? செவிட்டுத்தன்மை தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007 வாக்கில் தொடங்கி, ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஒரு செவியியல் நிபுணர் வேண்டுமென்று வகுத்தது. 2013-இல் எழுந்த பாலர் நலத் திட்டம், பிறவிச் செவிடு உட்பட முப்பது குறைகளைக் குழந்தைகளிடம் தேட வேண்டுமென்று கூறி, ஜில்லா தோறும் ஒரு நிலையத்தையும் அதில் செவிக்கும் பேச்சுக்குமாக ஒரு நிபுணரையும் குறித்தது. அதாவது, ஒரு ஜில்லாவின் சிசுக்கள் அனைவருக்கும் ஒருவர் அல்லது இருவர்! இந்த ஸ்தானங்கள் பெரும்பாலும் ஒப்பந்த உத்தியோகங்கள்; வருஷம் முடிந்தால் புதுப்பிக்கப்படுமோ என்ற கவலை; பதவி உயர்வுக்கு ஏணியே இல்லை. பயிற்சி பெற்ற இளைஞர்கள் கருவிக் கம்பெனிகளுக்கும் அந்நிய தேசங்களுக்கும் போவதில் என்ன ஆச்சரியம்? மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்றால், முப்பது வருஷம் குழந்தைகளின் கண்ணசைவைப் படித்த அறிவு அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. பதியத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் கஜானா, அதைப் பேச வைப்பவரின் சம்பளத்தில் சிக்கனம் பிடிப்பது எந்தப் பொருளாதாரமோ நமக்கு விளங்கவில்லை.

இன்னுமொன்று: பதியம் வைத்த குழந்தையின் தலைக்கு வெளியே இருக்கும் பாகத்துக்கு ஒரு சிறு கம்பி உண்டு, ஒரு காந்தச் சுருள் உண்டு, பாட்டரி உண்டு. குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள், வேர்வை படும், கம்பி அறுந்து போகும். உத்தரவாத காலம் தீர்ந்த பிறகு அந்தக் கம்பிக்கும் சுருளுக்கும் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். கூலி வேலை செய்யும் தகப்பனால் முடியாதபோது, கருவி அலமாரியில் ஏறுகிறது. குழந்தை பழைய மௌனத்துக்குத் திரும்புகிறது. உதிரி பாகங்களுக்கும் உத்தரவாதத்துக்குப் பிந்திய பழுதுக்கும் காப்பீட்டிலேயே நிரந்தர ஏற்பாடு வேண்டும். சட்டசபையில் நம் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் சுகாதார மந்திரியை ஜில்லாவாரியாக விவரம் கேட்கட்டும்: சென்ற வருஷம் பிறந்த சிசுக்களில் எத்தனை பேருக்குச் செவிச் சோதனை நடந்தது, தேறாதவர் எத்தனை, திரும்பி வந்தவர் எத்தனை, அவர்கள் கருவி பெற்றபோது வயது எத்தனை மாதம், பதியம் வைக்கப்பட்டவர்களில் இன்று கருவியை அணிந்திருப்போர் எத்தனை பேர் என்று.